புது நாய்க்குட்டிக்கு பேர் வைக்கப் போறீங்களா? ஊசி புக்ல எழுதறதுக்கு முன்னாடி இத படிச்சிடுங்க

நாய்க்குட்டி வீட்டுக்கு வந்தாச்சு, பேர் மட்டும் இன்னும் முடிவாகல, ஆளாளுக்கு ஒண்ணு கூப்பிட்டுட்டு இருக்கீங்கன்னா இது உங்களுக்காகத்தான் எழுதறேன். வேளச்சேரில எங்க ஃப்ளாட்டுக்கு ஒரு நாட்டு நாய்க்குட்டி வந்துச்சு, பொண்ணு. பையன் ஒரு பேர் சொல்ல, வீட்டுக்காரர் ஒண்ணு சொல்ல, மாமியார் அவங்க பாட்டுக்கு ஒண்ணு கூப்பிட, குட்டி எதுக்குமே திரும்பிப் பாக்காம செருப்பு கடிச்சுட்டு இருந்துச்சு. அதுக்குள்ள முதல் ஊசி போட வேண்டிய நாள் வந்துடுச்சு, க்ளினிக்ல பேர் கேட்டப்ப யாருக்கும் பதில் சொல்ல வரல, அவங்களே புக்ல "பப்பி"ன்னு எழுதிக் குடுத்துட்டாங்க. அதுக்கப்புறம் வெறி நாய் ஊசி சர்ட்டிஃபிகேட்ல ஒரு பேர், அதுவே வேற ஸ்பெல்லிங்ல இன்னொரு எடத்துல, லைசென்ஸ் எடுக்க உக்காந்தா எதுவும் எதோடயும் ஒத்து வரல. இத்தனைக்கும் இதெல்லாம் ஒரு வாரம் உக்காந்து யோசிச்சிருந்தா வந்தே இருக்காது.

பேர்ங்கறத அழகு விஷயமா மட்டும் பாக்காதீங்க. ரோட்ல பட்டாசு வெடிச்சு குட்டி பயந்து ஓடுதுன்னா, அத திருப்பிக் கொண்டு வர உங்க கைல இருக்கறது அந்த ஒரு சத்தம் மட்டும்தான்.

1. எப்போ முடிவு பண்ணணும்

பிறந்து 8 வாரம் ஆகாத குட்டிய விக்கக் கூடாதுன்னு 2017-ல மத்திய அரசு கொண்டு வந்த நாய் வளர்ப்பு, விற்பனை விதிகள்லயே இருக்கு. அதனால சரியான எடத்துலேர்ந்து வாங்கினா உங்க கைக்கு வரும்போது குட்டிக்கு ரெண்டு மாசம் ஆகியிருக்கும். முதல் ஊசி பொதுவா 6-லேர்ந்து 8 வாரத்துக்குள்ள, அதுக்கு மூணு நாலு வாரம் கழிச்சு பூஸ்டர், வெறி நாய்க்கடிக்கான ஊசி 3 மாசம் ஆனதும். டாக்டர் குட்டியோட உடம்பப் பாத்து கொஞ்சம் முன்ன பின்ன சொல்லுவாரு, அவரு சொல்றத கேளுங்க.

இதுலேர்ந்து நீங்க எடுத்துக்க வேண்டியது, நீங்க முதல் தடவையா க்ளினிக் போற நாளுக்கு முன்னாடி பேர் ரெடியா இருக்கணும். அங்க போய் ஊசி புக் போடும்போதுதான் பேர்ங்கற கட்டம் முதல் முதலா பேனாவால நிரம்புது, அதுலேர்ந்துதான் மத்த எல்லா பேப்பரும் கெளம்புது.

அதுக்காக வந்த அன்னைக்கே வைக்கணும்னு இல்ல. நாலஞ்சு நாள் குட்டியோட பழகுங்க. ஆனா அந்த நாலஞ்சு நாளும் "பப்பி பப்பி"ன்னு கூப்பிடாதீங்க, அதுவே ஒட்டிக்கும். நாக்க சொடுக்குங்க, கைய தட்டுங்க, "ச்சூ ச்சூ"ன்னு கூப்பிடுங்க, பேர் மாதிரி எதுவும் வேணாம்.

2. உங்க வீட்ல ஒரு நாளைக்கு என்னென்ன வார்த்த காதுல விழுதுன்னு கவனிங்க

இததான் நெறைய பேர் விட்டுடறாங்க, எனக்கு ரொம்ப முக்கியமா படறதும் இதுதான். ஒரு பேப்பர் எடுத்து வீட்ல இருக்கறவங்க பேர், செல்லப் பேர், வேலைக்கு வர்ற அக்கா பேர், பக்கத்து வீட்டுக் கொழந்தைங்க பேர், கீழ வாட்ச்மேன் அண்ணன் பேர் எல்லாத்தையும் எழுதுங்க. அப்புறம் தெனமும் பத்து தடவைக்கு மேல வாயில வர்ற சொல்ல எழுதுங்க. அந்த லிஸ்ட்ல இருக்கற எதுக்கும் கிட்டத்துல போற பேர் வேணாம்.

தமிழ்நாட்டுல நாய்க்கு மணின்னு பேர் வைக்கறது எவ்ளோ சாதாரணம்னு உங்களுக்கே தெரியும். நல்ல பேர்தான், சத்தமும் நல்லா இருக்கும். ஆனா காலைல ஸ்கூல் வேன் வர்ற நேரத்துல "மணி என்ன ஆச்சு", "மணி எட்டாயிடுச்சு", "ஐயோ மணி ஆச்சு கெளம்பு"ன்னு ஒரு வீட்ல எத்தன தடவ சொல்றோம்? ஒவ்வொரு தடவையும் அது தலைய தூக்கிப் பாக்கும், யாரும் அதுகிட்ட பேசலன்னு தெரிஞ்சுக்கும், கொஞ்ச நாள்ல உண்மையா கூப்பிட்டாலும் திரும்பாது. "பாரு" அதுக்கு மேல. பார்வதிய சுருக்கி பாருன்னு ஆசையா வைப்பீங்க, "இங்க பாரு", "அவன பாரு", "ஃபோன்ல யாருன்னு பாரு"ன்னு வீடே அந்தச் சொல்லுலதான் ஓடும்.

கண்ணா, செல்லம், தங்கம், ராஜா, பட்டு, குட்டி இதெல்லாமும் அப்படித்தான். கொழந்தைங்க இருக்கற வீட்ல இத நாய்க்கு முழுப் பேரா வைக்காதீங்க. கொஞ்சும்போது கூப்பிடுங்க, தப்பில்ல.

சாப்பாட்டுப் பேர் இப்போ நெறைய பேர் வைக்கறாங்க, லட்டு, ஜிலேபி, மஃபின், பிஸ்கட்னு. அந்தப் பண்டம் உங்க வீட்ல அடிக்கடி புழங்காதுன்னா தாராளமா வைங்க. எங்க வீட்ல முதல்ல சீனின்னு வெச்சோம், வெள்ளையா பொடி நெறத்துல இருந்துச்சு, எல்லாருக்கும் புடிச்சிருந்துச்சு. மாமியார் திருநெல்வேலிப் பக்கம், அவங்களுக்கு சக்கரைன்னு வராது, காபி போடும்போது "சீனி போதுமா", "சீனி டப்பாவ எங்க வெச்ச"ன்னு தெனமும் சமையல்கட்டுலேர்ந்து சத்தம் வரும். குட்டி ஹால்லேர்ந்து பறந்து வரும், ஈரமா தொடைச்ச டைல்ஸ்ல நாலு காலும் விரிஞ்சு வழுக்கி கேஸ் ஸ்டாண்டுல போய் முட்டும். அங்க அத யாரும் கூப்பிடல, அவங்க கைல கொதிக்கற பால் பாத்திரம். அன்னைக்கே அந்தப் பேர் வேணாம்னு முடிவு பண்ணோம்.

3. கட்டளையோட மோதுதான்னு பாருங்க

மொதல்ல எந்த மொழில பழக்கப் போறீங்கன்னு தெளிவா இருங்க. சிட், ஸ்டே, கம், நோ, டவுன்னு இங்கிலீஷ்லயா, இல்ல உக்காரு, நில்லு, வா, போ, வேணாம்னு தமிழ்லயா. ரெண்டும் கலந்து சொல்ற வீடுதான் அதிகம், அப்படின்னா ரெண்டு லிஸ்ட்டையும் வெச்சுப் பாருங்க.

நிலான்னு பேர் வெச்சுட்டு நில்லுன்னு பழக்கினா ஆரம்பமே ஒரே சத்தம். சிட்டு, சிட்டி வெச்சா சிட் கூட மோதும். ஸ்டெல்லான்னா ஸ்டே. கமலி, கமலான்னா கம். போலோ, போபோன்னா போ. நோவான்னு இப்போ நெறைய கேக்கறேன், அதுல நோவும் இருக்கு வாவும் இருக்கு, குட்டிக்கு அது கூப்பிடறதா திட்டறதான்னு எப்படித் தெரியும்? பெரிய நாயா ஆனப்புறம் சந்தர்ப்பத்த வெச்சு பிரிச்சுப் புரிஞ்சுக்கும்தான், ஆனா மூணு மாசக் குட்டிக்கு அந்தக் கஷ்டத்த நாம ஏன் குடுக்கணும்.

ஏற்கனவே மனசுல ஒட்டிப் போன பேர் இப்படி மோதுச்சுன்னா பேர விட வேணாம், கட்டளைய மாத்திக்கலாம். நிலாதான் வேணும்னா, நில்லுக்கு பதிலா "ஸ்டே"ன்னு பழக்குங்க, வீட்ல எல்லாரும் அதையே சொல்லணும், அவ்ளோதான்.

4. ரெண்டு அசை, கடைசில நீட்ட முடியற சத்தம்

ரொம்ப நீளமான பேர் நீளமா நிக்காது. அலெக்ஸாண்டர்னு வெச்சா ரெண்டாவது நாளே அலெக்ஸ் ஆயிடும், ஆளுக்கு ஒரு மாதிரி சுருக்குவாங்க. அதனால ஆரம்பத்துலயே சின்னதா வைங்க. ஒரே அசைல முடியற பேர் (ஜாக், மேக்ஸ் மாதிரி) தூரத்துலேர்ந்து கத்தினா டக்குனு முடிஞ்சு போயிடும், காது வாங்கறதுக்குள்ள காத்துல போயிடும். ரெண்டு அசை, கடைசில ஆ, ஈ, ஓ மாதிரி இழுக்க முடியற உயிர் சத்தம், அதான் கூப்பிட வசதி. ஜூலீஈ, டாமீஈ, ரோஸீஈன்னு நம்ம ஊர்ல காலங்காலமா வெச்ச பேரெல்லாம் எதனால ஓடுச்சுன்னு இப்போ புரியும்.

ஆரம்ப எழுத்து க, ட, ப, ஜ மாதிரி அழுத்தமா இருந்தா டிவி சத்தத்துலயும் தனியா கேக்கும். அமெரிக்காவுல மேரிலாந்து பல்கலைக்கழகத்துலேர்ந்து 2019-ல ஒரு ஆய்வு வந்துச்சு, பின்னாடி மத்தவங்க பேசற சத்தம் இருந்தாலும் நாய் தன்னோட பேர பிரிச்சுக் கண்டுபிடிக்குது, ஆனா அந்தச் சத்தம் பேர விட அதிகமா போனா தடுமாறுதுன்னு. நம்ம வீட்ல மிக்ஸி, சீரியல், தெருவுல தண்ணி லாரி எல்லாம் ஒரே நேரத்துல ஓடும், அதனால எனக்கு அழுத்தமான சத்தம்தான் சரின்னு படுது.

சோதிக்கறது சுலபம். மொட்ட மாடிக்குப் போங்க, இல்ல தெரு முனைக்குப் போங்க, அந்தப் பேர முழு சத்தத்துல அஞ்சு தடவ கத்துங்க. கூச்சமா இருந்தா அந்தப் பேர் வேணாம். பார்க்ல நாலு பேர் முன்னாடி "மை ஸ்வீட்டி பை"ன்னு கத்த உங்களுக்கு வாய் வராதுன்னா அவசரத்துக்கும் வராது.

5. வீட்ல பெரியவங்க வாயில எப்படி வருதுன்னு கேளுங்க

பேர முடிவு பண்றதுக்கு முன்னாடி வீட்லயே வயசானவங்ககிட்டயும், சின்னக் கொழந்தைகிட்டயும், வீட்டு வேலைக்கு வர்றவங்ககிட்டயும் அந்தப் பேர சொல்லச் சொல்லுங்க. சொல்லிக் குடுக்காதீங்க, ஒரு தடவ நீங்க சொல்லிட்டு அவங்க எப்படித் திருப்பிச் சொல்றாங்கன்னு கேளுங்க.

என் பையனுக்கு ஸூஸ்னு வைக்கணும்னு ஆச, கிரேக்க கடவுள் பேராம். மாமியார் வாயில அது ஜூஸ் ஆச்சு. வீட்டுக்காரர் சூஸ்னாரு. மூணு பேர் மூணு விதமா கூப்பிட்டா குட்டிக்கு அது மூணு தனித்தனி சத்தம்தான். ஸ்பார்க்கி, ஸ்னோவி, ப்ளூட்டோ இதுல எல்லாம் இந்தச் சிக்கல் இருக்கு, முதல்லயே ரெண்டு மெய் ஒட்டி வர்றது நம்ம பெரியவங்களுக்கு இஸ்பார்க்கி, புளூட்டோன்னுதான் வரும். அவங்க மேல தப்பு இல்ல. பகல் பூரா வீட்ல குட்டியோட இருக்கறது அவங்கதான், சோறு வைக்கறதும் அவங்கதான், அவங்க வாய்க்கு வர்ற பேர்தான் அந்த வீட்டுக்குச் சரியான பேர். நான் இதுல ரொம்ப பிடிவாதமா இருந்தேன், இப்பவும் அதான் சொல்லுவேன்.

கடைசில எங்க வீட்ல எல்லாரும் ஒரே மாதிரி சொன்னது ஜிக்கி. அதுவே நின்னுடுச்சு.

6. வைக்கக் கூடாத பேர்

பக்கத்துல குடியிருக்கறவங்க பேர், அவங்க அப்பா அம்மா பேர், ஓனர் பேர் வைக்காதீங்க. தெரியாம வெச்சுட்டேன்னு சொன்னாலும் மனசுல நிக்கும். "ராமு வெளில போ"ன்னு நீங்க உங்க நாயத் திட்டும்போது எதிர் வீட்டு ராமு மாமா கதவத் தொறந்தா என்ன பண்ணுவீங்க.

அரசியல் தலைவர் பேர், நடிகர் பேர், சாதியோ மதமோ தெரியற பேர் எதுவும் வேணாம். நீங்க அன்பா வெச்சிருந்தாலும் கேக்கறவங்களுக்கு அப்படித் தெரியாது, சண்ட வந்தா கடைசில அடி வாங்கறது அந்த வாயில்லா ஜீவன்தான்.

சாமி பேர் விஷயத்துல உங்க ஊர் வழக்கத்தப் பாத்துக்கோங்க. பைரவருக்கு நாய்தான் வாகனம், அதனால பைரவான்னு வைக்கறத யாரும் தப்பா எடுக்கறதில்ல. ஆனா கருப்பன், கருப்பசாமி எல்லாம் தெக்குப் பக்கத்துல குலதெய்வம், அந்தப் பேர நாய்க்கு வெச்சா மனசு கஷ்டப்படறவங்க உண்டு. நெறத்த வெச்சு வைக்கறதுலயும் கவனம், தெருவுல வெளையாடற பசங்கள்ல யாரையாவது நெறத்த சொல்லிக் கிண்டல் பண்ற பேரா இருந்தா அந்தப் பேர நீங்க கத்தறது அந்தப் பையன் காதுல எப்படி விழும்னு யோசிங்க.

தெருவுல ஏற்கனவே இருக்கற நாய்ங்க பேரையும் விசாரிச்சுடுங்க. எல்லா தெருவுலயும் ஒரு டைகர் இருக்கு, ஒரு பிரவுனி இருக்கு. டீக்கடைக்காரர் பிஸ்கட் போட டைகர்னு கூப்பிட்டா உங்க டைகரும் பெல்ட்டோட இழுத்துட்டு ஓடும்.

7. ஸ்பெல்லிங்க ஒரு பேப்பர்ல எழுதி ஃபோன்ல ஃபோட்டோ எடுத்துக்கோங்க

வாயால சொல்ற பேர் ஒண்ணா இருந்தா மட்டும் போதாது. பேப்பர் எல்லாம் இங்கிலீஷ்லதான். ஜிக்கின்னா ஒரு கே-யா ரெண்டு கே-யா, கடைசில ஐ-யா ஒய்-யா? டஃபின்னா ஒரு எஃப்பா ரெண்டு எஃப்பா? சூரின்னா ஒரு யு-வா ரெண்டு ஓ-வா? க்ளினிக்ல கூட்டமா இருக்கும், அங்க இருக்கறவங்க காதுல விழுந்தத அவங்க இஷ்டத்துக்கு எழுதிடுவாங்க. ஃபோட்டோவ காட்டி "இப்படி எழுதுங்க சார்"னு சொல்லுங்க, எழுதி முடிச்சதும் அங்கயே வாங்கிப் படிங்க. பேர், பொறந்த தேதி, ஆணா பொண்ணா, நெறம், உங்க பேர், ஃபோன் நம்பர் எல்லாத்தையும். வீட்டுக்கு வந்து பாத்துக்கலாம்னு பைல போட்டுட்டு வராதீங்க.

தப்பா எழுதிட்டாங்கன்னா நீங்களா பேனாவால அடிச்சு எழுதாதீங்க. டாக்டரையே திருத்தச் சொல்லி பக்கத்துல கையெழுத்து, சீல் வாங்குங்க. ஊசி மருந்து பாட்டில்லேர்ந்து உரிச்சு ஒட்டற ஸ்டிக்கர் ஒவ்வொரு ஊசிக்கும் ஒட்டியிருக்கான்னும் அப்பவே பாத்துடுங்க, பின்னாடி ஊசி போட்டதுக்கு அதான் சாட்சி.

8. இந்தப் பேர் எந்தெந்த பேப்பர்ல போகுது

சென்னைக்குள்ள இருந்தீங்கன்னா மாநகராட்சி லைசென்ஸ் கட்டாயம். மாநகராட்சி வெப்சைட்ல ஆன்லைன்லயே அப்ளை பண்ணலாம், கட்டணம் வருஷத்துக்கு 50 ரூபாய்தான். வேண்டியது உங்க அட்ரஸ் ப்ரூஃப், உங்க ஃபோட்டோ, குட்டி ஃபோட்டோ, வெறி நாய் ஊசி போட்ட சர்ட்டிஃபிகேட். அந்த ஊசியே 3 மாசத்துலதான் போடறாங்கங்கறதால அதுக்கு முன்னாடி லைசென்ஸ் பத்தி கவலப்பட வேணாம், ஊசி போட்ட கையோட அப்ளை பண்ணிடுங்க. 2025 கடைசிலேர்ந்து இத ரொம்ப கண்டிப்பா பாக்கறாங்க, லைசென்ஸ் இல்லாம வளத்தா 5,000 ரூபாய் அபராதம்னு அறிவிச்சிருக்காங்க, மைக்ரோசிப்பும் கட்டாயமாக்கிட்டாங்க. 50 ரூபாய் எங்க 5,000 எங்க. சர்ட்டிஃபிகேட்ல இருக்கற பேரும் நீங்க ஃபார்ம்ல டைப் பண்ற பேரும் எழுத்துக்கு எழுத்து ஒண்ணா இருக்கட்டும். மத்த ஊர்ல இருக்கறவங்க உங்க மாநகராட்சி, நகராட்சி ஆஃபீஸ்ல என்ன நடைமுறன்னு நேரா கேட்டுக்கோங்க.

மைக்ரோசிப்ங்கறது அரிசி அளவுக்குத்தான் இருக்கும், ரெண்டு தோள்பட்டைக்கும் நடுவுல தோலுக்கு அடியில ஊசி மாதிரி போடுவாங்க. அதுக்குள்ள உங்க நாயோட பேர் இருக்காது, 15 இலக்க நம்பர் மட்டும்தான் இருக்கும். பேரும் உங்க ஃபோன் நம்பரும் பதிவு பண்ற கம்ப்யூட்டர்லதான் இருக்கு. அதனால சிப் போட்டாச்சுன்னு நிம்மதியா இருந்துடாதீங்க, பதிவுல பேரும் நம்பரும் சரியா ஏறிடுச்சான்னு கேளுங்க, அந்த 15 நம்பர ஊசி புக் முதல் பக்கத்துல எழுதி வாங்குங்க. ஃபோன் நம்பர் மாத்தினா பதிவுலயும் மாத்தணும்.

ஜாதி நாய் வாங்கறவங்களுக்கு இன்னொரு விஷயம். இந்திய கென்னல் க்ளப் (ஜாதி நாய்ங்கள பதிவு பண்ற சங்கம், தலைமை ஆஃபீஸ் சென்னையிலதான்) சர்ட்டிஃபிகேட்ல இருக்கற பேர் பெரும்பாலும் வளத்து வித்தவங்க வெச்சது, அவங்க கென்னல் பேரும் சேந்து நீளமா இருக்கும். ராஜபாளையமோ லாப்ரடாரோ, இதுதான் வழக்கம். அந்தப் பேர்லதான் வீட்ல கூப்பிடணும்னு ஒரு கட்டாயமும் இல்ல. கென்னல் க்ளப் பேப்பர்ல அந்தப் பேர் அப்படியே இருக்கட்டும், ஊசி புக், லைசென்ஸ் எல்லாத்துலயும் வீட்டுப் பேர் மட்டும் போடுங்க. ரெண்டும் ஒரே நாய்தான்னு காட்ட மைக்ரோசிப் நம்பர் இருக்கு. பேப்பரோட வாங்கறீங்கன்னா ஓனர் மாத்தற ஃபார்ம்ல வித்தவங்க கையெழுத்த பணம் குடுக்கும்போதே வாங்கிடுங்க.

ரயில்ல கூட்டிட்டுப் போற எண்ணம் இருந்தா ஊசி புக்கும், கெளம்பறதுக்கு 24-லேர்ந்து 48 மணி நேரத்துக்குள்ள டாக்டர் குடுத்த உடல்நல சர்ட்டிஃபிகேட்டும் கேப்பாங்க. ஃபர்ஸ்ட் ஏசில கூப்பேயோ (ரெண்டு பேர் ரூம்) கேபினோ (நாலு பேர் ரூம்) முழுசா உங்களுதா இருந்தா கூட வெச்சுக்கலாம், இல்லனா ரயில் கார்டு இருக்கற பெட்டில உள்ள கூண்டுலதான். அந்த சர்ட்டிஃபிகேட்லயும் இதே பேர், இதே ஸ்பெல்லிங்.

பெல்ட்ல மாட்டற டேக்க பேர் முடிவாகி ரெண்டு வாரம் கழிச்சு அடிங்க. பொறிச்சுக் குடுக்கற கடைங்கள்ல 100-லேர்ந்து 300 ரூபாய்க்குள்ள முடிஞ்சுடும். நான் சொல்றது, டேக்ல ஃபோன் நம்பர் பெருசா இருக்கட்டும், எடம் இருந்தா ரெண்டு நம்பர். பேர் இல்லனாலும் பரவால்ல. தொலஞ்சு போன நாயக் கண்டுபிடிச்சவங்களுக்கு வேண்டியது உங்க நம்பர்தான்.

9. பேர பழக்கறது

பேர் வெச்சாச்சுன்னா அது தானா பழகிடாது, பழக்கணும். வேக வெச்ச சிக்கன சின்னச் சின்னதா பிச்சு கைல வெச்சுக்கோங்க, சைவம்னா இட்லித் துண்டு போதும். குட்டி வேற எங்கயோ பாத்துட்டு இருக்கும்போது பேர ஒரே ஒரு தடவ சொல்லுங்க. திரும்பிப் பாத்த அந்த நொடில ஒரு துண்டு குடுங்க. பக்கத்துல வரணும்னு கூட இல்ல, கண்ணு உங்க மேல வந்தா போதும். ஒரு நேரத்துல ரெண்டு மூணு நிமிஷம், ஒரு நாளைக்கு மூணு நாலு தடவ. நல்லா பழக்கினா ஒண்ணு ரெண்டு வாரத்துல புடிச்சுக்கும். சாக்லேட், திராட்ச, வெங்காயம் போட்டது எதையும் குடுக்காதீங்க, நாய்க்கு அது விஷம்.

ஜிக்கி ஜிக்கி ஜிக்கின்னு அடுக்காதீங்க, ஏழாவது தடவைக்குத் திரும்பினா போதும்னு கத்துக்கும். பேர சொல்லித் திட்டாதீங்க. பேர சொல்லிக் கூப்பிட்டு ஊசி போடறது, காது சுத்தம் பண்றது, குளிப்பாட்டறது, கூண்டுல அடைக்கறது இது எதுவும் கூடாது, அதுக்கெல்லாம் நீங்களே எழுந்து போய் தூக்கிட்டு வாங்க. பேர் காதுல விழுந்தா நல்லது மட்டும்தான் நடக்கும்னு அது நம்பணும். வீட்ல ஒருத்தர் மட்டும் இத மீறினாலும் கெட்டுடும், அதனால எல்லாரையும் ஒரு நாள் உக்கார வெச்சு சொல்லிடுங்க, குறிப்பா பசங்ககிட்ட.

10. வளர்ந்த நாய தத்தெடுத்தீங்கன்னா

காப்பகத்துலேர்ந்தோ ஊரை விட்டுப் போறவங்ககிட்டேர்ந்தோ பெரிய நாயா எடுத்தா அதுக்கு ஏற்கனவே ஒரு பேர் இருக்கும். அந்தப் பேருக்கு வாலாட்டி சந்தோஷமா வருதுன்னா விட்டுடுங்க, உங்களுக்குப் புடிக்கலன்னாலும் அதுக்குப் புடிச்சிருக்கு. அந்தப் பேரக் கேட்டதும் காது பின்னாடி மடிஞ்சு, ஒடம்ப குறுக்கிக்குதுன்னா யாரோ அந்தப் பேர சொல்லி அடிச்சிருக்கலாம். அப்போ கண்டிப்பா மாத்துங்க, பழைய பேர வீட்ல யாரும் வாயாலயே எடுக்க வேணாம், புதுசா ஒன்பதாவது படிலேர்ந்து ஆரம்பிங்க.

பயம் எதுவும் இல்ல, சும்மா மாத்தணும்னா, புதுப் பேர முதல்ல சொல்லி உடனே பழைய பேர சொல்லுங்க, திரும்பினதும் தின்னக் குடுங்க. கொஞ்ச நாள்ல பழைய பேர் வர்றதுக்கு முன்னாடியே திரும்ப ஆரம்பிக்கும், அப்போ பழசை விட்டுடலாம். முந்தின பேருக்கு ஒத்த சத்தமா எடுத்தா இன்னும் சுலபம், ரோஸிய ஜோஸி ஆக்கற மாதிரி. பழைய ஊசி புக்க தூக்கிப் போட்டுடாதீங்க, எந்த ஊசி எப்போ போட்டாங்கன்னு அதுலதான் இருக்கு. புது புக் போடும்போது பழைய பேரையும் ஒரு ஓரத்துல எழுதச் சொல்லி டாக்டர்கிட்ட கையெழுத்து வாங்கிட்டு, ரெண்டையும் ஒரே கவர்ல வெச்சுக்கோங்க. மைக்ரோசிப் ஏற்கனவே இருக்கான்னு ஸ்கேன் பண்ணச் சொல்லுங்க, இருந்தா பழைய ஓனர் பேர்லதான் பதிவு இருக்கும், அத உங்க பேருக்கு மாத்தணும்.

11. ரெண்டாவது நாய் வந்தா

முதல் நாயோட பேர் ஆரம்பிக்கற எழுத்துல ஆரம்பிக்காத, அதே சத்தத்துல முடியாத பேரா எடுங்க. ஜோடிப் பேர் கேக்க நல்லா இருக்கும், ஜிக்கி - பிக்கி, லாலு - காலு மாதிரி. ஆனா ஒண்ண கூப்பிட்டா ரெண்டும் வரும், ஒண்ணுக்கு மாத்திர குடுக்கணும்னா இன்னொண்ணும் வந்து நிக்கும். ஜிக்கி வீட்டுக்கு அடுத்ததா ஒண்ணு வந்தா நாங்க யோசிச்சு வெச்சிருக்கறது டாரோ. ஊசி புக்குக்கு ஸ்பெல்லிங் இப்பவே ஃபோன்ல இருக்கு.